கண்மாய் மண்ணில் ஒரு பிள்ளை

எங்கள் பக்கத்தில் வேளாரிடம் நேர்ச்சிச் சிலை செய்யச் சொல்லப் போகிறவர்கள் காசோடு மட்டும் போக மாட்டார்கள். கையில் ஒரு பிடி மண்ணும் இருக்கும். பிடிமண் என்று பெயர். புரவி எடுப்பு நடத்துகிற ஊர்களில் ஊர் கூடி வேளார் கையில் பிடிமண் கொடுத்த பிறகுதான் குதிரை வேலை தொடங்கும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட வாசகர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அய்யனாருக்குச் சுட்ட மண்ணில் குதிரை செய்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைப்பதுதான் புரவி எடுப்பு. குதிரை ஊர்ப்பொது. அதோடு தனித்தனி வீட்டு நேர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். மாடு பிழைத்தால் மண்ணால் ஒரு மாடு, கால் புண் ஆறினால் மண்ணால் ஒரு கால், பிள்ளை பிழைத்தால் மண்ணால் ஒரு பிள்ளை. இந்தப் பிள்ளைச் சிலையை மதலை என்பார்கள்.

போன மாசியில் எங்கள் ஊர் வேளாரிடம் அப்படி ஒரு மதலைக்குப் பிடிமண் வந்தது. மண் எடுத்ததிலிருந்து கோயிலில் கொண்டுபோய் வைத்தது வரைக்கும் நான் பெரும்பாலும் கூடவே இருந்தேன். வேடிக்கை பார்க்க என்று போகவில்லை. அவர் சூளைக்கு வைக்கோலும் உமியும் என் களத்திலிருந்து போகிறது. எனக்கு விதைக் கலயமும் தோட்டத்துக்குப் பானையும் அவர் சக்கரத்திலிருந்து வருகிறது. நாலு வருசமாக இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. நம் இதழில் மண்வளம் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். அதே மண்ணை இன்னொரு கண்ணால் பார்க்கிற ஒரு மனுசனைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது.

நூலுக்கா, பிள்ளைக்கா?

கார்த்திகை மழையில் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மேலத்தெருவில் ஒரு மூணு வயசுப் பெண்குழந்தைக்கு மட்டும் ரொம்ப முற்றிவிட்டது. டெங்கு. மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தது. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன ஒரு ராத்திரி, அந்தத் தாய் பிள்ளையின் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டு, மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொண்டது. “எம்புள்ள எந்திரிச்சு நடந்தா, இதே உசரத்துக்கு மதல வைக்கிறேன்”னு அய்யனாருக்கு நேர்ச்சி. டாக்டர்கள் பார்க்க வேண்டிய வைத்தியத்தை நன்றாகவே பார்த்தார்கள், பிள்ளை பிழைத்தது. அந்தத் தாயைக் கேட்டால் டாக்டரையும் கும்பிடுகிறது, அய்யனாரையும் கும்பிடுகிறது. இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மாசியில் பிடிமண்ணோடு வந்தபோது கூடவே மாமியாரும் பிள்ளையும் வந்திருந்தார்கள். வேளார் நூலை வாங்கித் தன் கையால் முழம் போட்டார். சரியாக ரெண்டு முழம். பிறகு பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அதே நூலைப் பிடித்தார். உச்சந்தலை ஒரு விரல் மேலே நின்றது.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. மாமியார் சொன்னது: “புள்ள உசரத்துக்குன்னுதான நேந்துக்கிட்டது? வைக்கிற அன்னிக்குப் புள்ள என்ன உசரமோ அதுக்குச் செய்யணும். குறைஞ்சா சாமி குத்தமாயிரும்.” மருமகள் சொன்னது: “இல்லத்த, நூலு உசரம்னுதான் சொன்னேன்.” திண்ணையில் இருந்த இன்னும் ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். வேளார் ரொம்ப நேரம் பேசவில்லை. பிள்ளை அவர் குழைத்து வைத்திருந்த மண்ணில் விரலை விட்டுக் குழி போட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் சொன்னார்: “நூலுக்கே செய்யுறேன் தாயி. நேந்த அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சோ அது அய்யனாருக்கு. அதுக்குமேல வளந்தது அவரு குடுத்தது. அது புள்ளகிட்டயே இருக்கட்டும்.”

மாமியார் வாயைத் திறக்கவில்லை. கூலி 2,500 ரூபாய், ஒரு மரக்கால் நெல், வெற்றிலை பாக்கு. பேச்சு முடிந்தது.

ஆனால் நூல் உயரத்துக்குச் செய்தால் நூல் உயரம் வராது. மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். வேளார் கணக்கு முழத்துக்கு ரெண்டு விரல். ஒரு முழத்துக்கு இருபத்துநாலு விரல். அப்படியென்றால் ரெண்டு முழப் பிள்ளைக்கு நாலு விரல் கூட்டி, ஐம்பத்திரெண்டு விரல் உயரத்துக்குப் பச்சை மண்ணில் செய்ய வேண்டும். அது சூளையிலிருந்து வெளியே வரும்போது நாற்பத்தெட்டில் வந்து நிற்கும். இந்த ரெண்டு விரல் கணக்கு எல்லா மண்ணுக்கும் ஒன்றா என்று கேட்டேன். “அதெப்படித் தம்பி? ஒட்டு கூடுன மண்ணுன்னா மூணு விரலு எடுக்கும். மணலு கூடுனா ஒரு விரலு. உங்களுக்கு எல்லா வயலுக்கும் ஒரே தண்ணியா?”

மண் எங்கே இருக்கிறது?

எங்கள் கண்மாய் மாசி கடைசியில் வற்றும். வண்டல் அடிக்கிற நமக்கும் களிமண் எடுக்கிற வேளாருக்கும் அதுதான் காலம். செம்மண் பூமிக்குக் கண்மாய் வண்டல் என்ன செய்யும் என்று இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஈரம் நிற்கும், மண் ஒன்று சேரும், ரெண்டு மூணு வருசத்துக்குப் பலன் தெரியும். வேளாருக்கு அந்த மேல் வண்டல் ஆகாது. அதில் வேர், கிளிஞ்சல், அழுகின இலை எல்லாம் கிடக்கும். அதை ஒதுக்கிவிட்டு, அடியில் பிசுபிசுவென்று இருக்கிற கருப்புக் களியைத்தான் வெட்டுவார். ஆக மேலே உள்ளது உழவனுக்கு, அடியில் உள்ளது வேளாருக்கு. போட்டியே இல்லை. நாம் வண்டலை அள்ளிக்கொண்டு போனால் அவருக்கு வேலை மிச்சம்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டது பொக்லைன். சில வருசத்துக்கு முன்னால் எங்கள் கண்மாயில் சாலை வேலைக்கு என்று சொல்லிச் சவுடு எடுத்தார்கள். வண்டல், களி, அடியில் சவுடு எல்லாவற்றையும் ஒரே வாளியில் வாரி லாரியில் ஏற்றினார்கள். ஒரு ஆள் ஆழத்துக்குக் குழி விழுந்தது. ஊரில் கேட்கப் போனவர்களுக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. யார், எவர் என்று எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. கண்மாயின் நல்ல களி இருந்த தெற்குப் பக்கம் போய்விட்டது. அதுதான் நடந்தது.

விதியைப் பொறுத்தவரை இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கண்மாய், ஏரிகளிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுக்க, 2024இல் தமிழ்நாடு அரசு விதியை மாற்றி வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கியது. அதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. வேளார் இந்த முறை விண்ணப்பம் போட்டு முறையாகத்தான் எடுத்தார். நம் நண்பர்களும் வண்டலுக்கு விண்ணப்பம் போடும்போது, ஊரில் வேளார் இருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுச் சேர்த்துப் போடுங்கள். அவர்களுக்கு இந்தத் தாள் வேலை பழக்கமில்லை, ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

தெற்குப் பக்கம் போனதால் வடக்கு ஓரத்துக் களியையும் பக்கத்து ஊர்க் கண்மாய் மண்ணையும் கலக்க வேண்டியதாகிவிட்டது. வடக்கு ஓரத்தில் சுக்கான் கல் உண்டு. உழவன் கண்ணுக்குச் சுக்கான் என்றால் சுண்ணாம்பு மண், பயிர் வெளுக்கும், அவ்வளவுதான். வேளாருக்கு அது எமன். மிளகு அளவு சுக்கான் கல் ஒன்று மண்ணில் மாட்டி, சூளையில் நன்றாக வெந்துவிட்டால் அது சுட்ட சுண்ணாம்பு ஆகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது சிலை நன்றாகவே இருக்கும். அப்புறம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, கிளிஞ்சலில் தண்ணீர் விட்ட மாதிரி உள்ளேயே பூரிக்கும். நாலைந்து நாள் கழித்து ‘டப்’பென்று ஒரு சில்லு தெறித்துக் குழி விழும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். பானையில் விழுந்தால் பானையைக் கழித்துப் போடலாம். மதலையின் முகத்தில் விழுந்தால்? அந்தத் தாய் என்ன நினைக்கும்?

அதனால் மண்ணைக் காயவைத்து, கட்டையால் நொறுக்கி, தொட்டியில் ஊறப்போட்டுக் கரைத்து, சல்லடையில் வடித்தார்கள். தலைக்கு என்று ஒதுக்கின மண்ணை மட்டும் பழைய வேட்டித் துணியில் இன்னொரு தரம் வடித்தார். வேளாருடைய சம்சாரம்தான் இதைச் செய்தது. மண் வேலையில் பாதிக்கு மேல் அந்த அம்மாவுடையது. புகழ்ச்சி மட்டும் சக்கரத்தில் உட்கார்ந்தவருக்கு.

பதம் பார்க்க அவர் செய்கிற சோதனையை நாமும் வயலில் செய்யலாம். ஈர மண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரியாக உருட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைக்கிறார். வெடிப்பு விழாமல் மோதிரம் மாதிரி உட்கார்ந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. பொலபொலவென்று விட்டுப்போனால் மணல் கூடுதல். நம் பயிற்சிகளில் மண்ணை நாடாவாக நீட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே சோதனைதான்.

அப்புறம் கலவை. குடிதண்ணிப் பானைக்கு ஒரு கலவை. அடுப்பில் வைக்கிற சட்டிக்கு மணல் கூட, இல்லாவிட்டால் சூட்டில் விரியும். சிலைக்கு உமி. கனமான மண்ணுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் சூளையில் ஆவியாகி வெடிக்கும். உமி காய்கிறபோது மண்ணை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், சூட்டில் எரிந்துபோய் அந்த இடத்தில் பொடிப்பொடியாகத் துளை விடும். ஆவி அந்த வழியாக வெளியே போய்விடும். என் தோட்டத்துக் கத்தரிக்கும் தென்னங்கன்றுக்கும் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து வைத்திருக்கிற பானைகளையும் இதே யோசனையில்தான் செய்து தருகிறார். உமியும் மணலும் கொஞ்சம் கூட்டின ‘வேர்க்கிற பானை’. தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் வெளியே கசிந்து வேருக்குப் போகிறது. கடையில் பெயிண்ட் அடித்து விற்கிற பானை இதற்கு உதவாது. துளையெல்லாம் அடைபட்டுப் போயிருக்கும்.

கால் முதல் தலை வரை

மதலை ஒரே நாளில் எழுகிற வேலை இல்லை. முதல் நாள் சக்கரத்தில் ரெண்டு குழாய் இழுத்தார். அதுதான் கால். தலையும் சக்கரத்தில் ஒரு சின்னக் கலயமாகத்தான் பிறந்தது. கவிழ்த்து வைத்தால் யாரும் மோர்க் கலயம் என்றுதான் சொல்வார்கள். கால் கொஞ்சம் இறுகின பிறகு இடுப்பு, அது இறுகின பிறகு வயிறு, இப்படித் திரி திரியாக மண்ணை அடுக்கி, உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி உயர்த்தினார். அடி நனைந்திருக்கும்போது மேலே ஏற்றினால் உட்கார்ந்துவிடும். அடி ரொம்பக் காய்ந்துவிட்டால் புது மண் ஒட்டாது, இணைப்பில் விரியும். அந்தப் பதத்துக்காக ஈரச் சாக்கைப் போர்த்துவதும் எடுப்பதுமாகப் பத்து நாள் ஓடியது. உள்ளே முழுக்க வெற்றிடம். முதுகுப் பக்கம் ஆவி போக ஒரு ஓட்டை.

முகம் வைக்கிற அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார். முகம் அச்சு அசலாக வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எல்லா மதலையும் ஏறக்குறைய ஒரே முகம்தான், அகலக் கண்ணும் லேசான சிரிப்பும். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் வைக்கணும் என்பது அவர் பழக்கம். பிள்ளை ஒரு நிமிசம் சும்மா இருக்கவில்லை. காது குத்தி வாரம்தான் ஆகியிருந்தது. வேளார் ஒரு ஈர்க்குச்சியால் மதலையின் காதிலும் துளை போட்டார். அது மட்டும் பிள்ளைக்குப் பிடித்திருந்தது. தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அப்புறம் கேட்டது: “தாத்தா, இது சாமிக்கா?”

“ஆமா ஆத்தா.”

“எனக்கு?”

வேளார் ஒரு நிமிசம் யோசித்தார். வேட்டித் துணியில் வடித்த மண்ணில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. என்ன வேணும் என்றார். மாடு என்றது. அவர் விரலாலேயே கிள்ளிக் கிள்ளி நாலு கால், திமில், ரெண்டு கொம்பு வைத்து உள்ளங்கை அளவு ஒரு காளை செய்து ஓரமாகக் காயவைத்தார். அஞ்சு நிமிச வேலை. கூலி கிடையாது. கீழடியில் தோண்டின இடத்தில் சுட்ட மண் உருவங்களும் பிள்ளைகள் விளையாடுகிற வட்டச் சில்லுகளும் கிடைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்திலும் எவளோ ஒருத்தி வேளார் வீட்டு வாசலில் உட்கார்ந்து ‘எனக்கு?’ என்று கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

நிழலில் இருபது நாள். அதற்குப் பிறகுதான் வெயில். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவரிடம் கருவி ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் மதலையின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் வைக்க வேண்டும். அது ஆவியாகிற குளிர்ச்சி. பானைக்கும் இதே சோதனைதான். ஆனால் அறுபத்தெட்டு வயசு மனுசர் தினமும் விடியற்காலையில் ஒரு மண் பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படி இருந்தது என்று தெரியும்.

வைக்கோல் கணக்கு

இந்த இடத்தில் நம் சங்கதிக்கு வருகிறேன். இப்போது வேளார்களுக்கு மண்ணைவிடப் பெரிய தட்டுப்பாடு வைக்கோல். சூளையை அடுக்கி மேலே வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் சேற்றைப் பூசி மூடுவார்கள். சூடு உள்ளேயே நிற்க வேண்டும் அல்லவா. அதற்கு நீளமான, கசங்காத வைக்கோல் வேண்டும். எந்திரம் அறுத்துக் கட்டுக் கட்டித் தருகிற வைக்கோல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. குட்டை ரகம் வேறு. “கையில எடுத்தா தவிடு மாதிரி உதிருது, சேறு தாங்க மாட்டேங்குது” என்பார். அந்தக் கட்டும் இப்போது லாரி ஏறி வெளியூர் போகிறது. கொடுக்கிற விலையை வேளார் கொடுக்க முடியாது.

நான் அரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். ஆள் உயரம் வளரும். கையறுப்புதான். கூலி கூட ஆகிறது, பாதி நாள் ஆள் கிடைப்பதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வைக்கோல் நாலு முழம் நீளத்துக்குச் சுத்தமாகக் கிடைக்கிறது. மாட்டுக்குப் போக மிச்சத்தில் இருபது கட்டு வேளாருக்கு. உமி மூணு மூட்டை. பதிலுக்கு எனக்கு வருசத்துக்கு நாற்பது தோட்டப் பானை, எட்டு விதைக் கலயம். ரூபாயில் போட்டுப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை.

முன்னெல்லாம் களத்தில் நெல் அளக்கும்போது வேளாருக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். அதைப் பெரிய பொற்காலம் மாதிரி சிலர் பேசுகிறார்கள். இவருடைய அப்பா அந்தப் பங்கை வாங்கக் களத்து ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நின்றதை இவர் மறக்கவில்லை. நாங்கள் செய்வது அது இல்லை. இவர் என் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பேசுவார், நான் கொடுத்த வைக்கோல் நனைந்திருந்தால் திருப்பி அனுப்புவார். ஒருமுறை அனுப்பியும் இருக்கிறார்.

சூளை

சித்திரை கடைசி வாரம் சூளை. ரெண்டு குதிரை, இந்த மதலை, ஒரு கால், முப்பது நாற்பது பானை, ஓரத்தில் அந்தக் காளை. அடியில் சீமைக்கருவேல் விறகும் தென்னை மட்டையும், இடைவெளியில் வறட்டி, மேலே வைக்கோல், சேறு. சாயங்காலம் நாலு மணிக்கு முதலில் புகை மட்டும் போட்டார். இந்தப் புகை நாலைந்து மணி நேரம் போக வேண்டும். எடுத்த எடுப்பில் தீ வைத்தால் மிச்சசொச்ச ஈரம் கொதித்து வெடிக்கும். மதலை மாதிரி கனமான வேலைக்கு இன்னும் நிதானம். அப்புறம்தான் தீ. உள்ளே செக்கச் சிவந்து தெரிகிற வரைக்கும் ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டுக்குப் போகாத மண், எவ்வளவு இறுகியிருந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண்தான். போய்விட்டால் திரும்பாது.

ராத்திரி எட்டரை மணிக்கு, தீ பிடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தெற்கே மின்னியது. கோடை மழை. உழவனுக்குக் கும்பிட வேண்டிய மழை அது. என் எள்ளுக் காட்டுக்கு அன்றைக்கு அது அமிர்தம். அங்கே நின்று கொண்டு எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

தார்ப்பாய் போட முடியாது, உருகிவிடும். வேளார் மகன் வீட்டுக் கொட்டகை மேல் இருந்த பழைய தகரங்களை உருவினான். நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சூளையைச் சுற்றி நின்றோம். அந்தப் பிள்ளையின் அப்பாவும் ஓடி வந்து ஒரு தகரத்தைப் பிடித்தார். முன்னால் அனல், முதுகில் மழை. சேறு கரைந்து ஒரு பக்கம் வைக்கோல் தெரிய ஆரம்பித்தது. வேளார் சம்சாரம் கூடை கூடையாகச் சாம்பலை அள்ளி அந்த இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் அடித்து ஓய்ந்தது. வேளார் யாரோடும் பேசவில்லை. விடிகிற வரைக்கும் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மழைக்காலத்தில் சூளை போட முடியாத மாதங்களுக்கு என்று அரசு ஒரு உதவித்தொகை கொடுக்கிறது. கோடையில் வருகிற மழைக்கு அப்படி எதுவும் கிடையாது.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் பிரிக்க விடவில்லை. சூட்டோடு காற்றுப் பட்டால் விரியும். பிரித்தபோது, மழை இறங்கின பக்கத்தில் இருந்த பானைகளில் பதினோரு பானை விரிந்திருந்தது. ஒரு குதிரைக்குக் காது போய்விட்டது, அது ஒட்டிவிடலாம் என்றார். மதலை நடுவில் இருந்தது. வேளாரும் மகனும் சாம்பலைத் துடைத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். விரலை மடக்கித் தலை, தோள், வயிறு, கால் என்று வரிசையாகத் தட்டினார். எல்லா இடத்திலும் கணீரென்றது. விரிசல் இருந்தால் கட்டை மாதிரி சத்தம் வரும்.

உடம்பு நல்ல செங்கல் சிவப்பு. இடது கன்னத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குக் கருப்புத் திட்டு. அந்த இடத்துக்குக் காற்று எட்டாமல் புகை மட்டும் சுற்றியிருக்கிறது. மண்ணில் உள்ள இரும்பு காற்றோடு வெந்தால் சிவக்கும், காற்று இல்லாமல் புகையில் வெந்தால் கருக்கும். கருப்பும் சிவப்புமாக ஒரே பானையைச் சுட்ட நம் முன்னோர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். இங்கே நடந்தது மழை செய்த வேலை. காவி பூசினால் மறைந்துவிடும் என்று வேளார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாய் வந்துவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தது. “மறைக்க வேணாம் ஐயா. திருஷ்டிப் பொட்டு அவரே வச்சு அனுப்பிருக்காரு” என்றது. மாமியார் மஞ்சள் துணியை அவிழ்த்து நூலை எடுத்தார். உச்சியிலிருந்து பாதம் வரை பிடித்துப் பார்த்தார்கள். முடிச்சு தரையைத் தொட்டது. நூலில் அரை விரல்கூட மிச்சம் இல்லை.

சுக்கான் பயம் இன்னும் ஒரு வாரத்துக்கு இருந்தது. நிழலில் வைத்துத் தினமும் பார்த்தார். பின்னங்காலில் ஒரு இடத்தில் சில்லுத் தெறித்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

வைகாசியில் புரவி எடுப்பு அன்றைக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசி, கண் திறந்து, கொட்டு மேளத்தோடு தூக்கிக்கொண்டு போனோம். மதலையை அந்தப் பிள்ளையின் அப்பா தோளில் வைத்துக்கொண்டார். கூடவே நடந்த பிள்ளை அந்த நேரத்துக்கு நூலைவிட ரெண்டு விரல் வளர்ந்திருந்தது. கோயில் கரையில் பழைய குதிரைகளும் பழைய மதலைகளும் வரிசையாக நிற்கின்றன. பத்து இருபது வருசத்தது எல்லாம் கை போய், தலை போய், மேலே பாசி ஏறி, செடி முளைத்துக் கிடக்கிறது. யாரும் எடுத்து ஒட்டுவதில்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. அடுத்த புரவி எடுப்புக்கு அடுத்த பிடிமண். ஒரு பழைய மதலையின் வயிற்றுக்குள் கரையான் புற்று எழும்பியிருந்தது. வேளார் அதைக் காட்டி, அது அவருடைய அப்பா செய்தது என்றார். புதுப் பிள்ளையை அதற்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

வேளாரின் மகன் ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான், சூளை அன்றைக்கு மட்டும் லீவு போட்டு வருவான். பேரனுக்குச் சக்கரத்தில் ஆசை இருக்கிறது, படிப்பும் வருகிறது. அதில் நான் கருத்துச் சொல்ல முடியாது. இந்த வருசம் எனக்குத் தெரிந்த ரெண்டு நண்பர்களிடம் பேசி அவர்களுக்கும் தோட்டப் பானை சொல்லியிருக்கிறேன், மொத்தம் நூற்றைம்பது. அதற்கு என் வைக்கோல் பத்தாது. காட்டுயாணம், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயர ரகம் போட்டுக் கையறுப்பு அறுக்கிற நண்பர்கள் பக்கத்து ஊர்களில் இருந்தால், கட்டைப் பிரிக்காமல் வைத்திருங்கள். வண்டி நாங்கள் கொண்டு வருகிறோம். உங்கள் ஊரிலேயே வேளார் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.

காளையும் அன்றைக்கே பிள்ளை கைக்குப் போனது. ரெண்டாம் நாளே ஒரு கொம்பு உடைந்துவிட்டதாம். அதை எடுத்துக்கொண்டு நேராக வேளார் வீட்டுக்கு வந்து வேற மாடு கேட்டிருக்கிறது. அடுத்த சூளை ஆடிப் பதினெட்டு கழிந்துதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு நாலு நாளாகத் தினமும் சாயங்காலம் வந்து, ஆடி வந்துருச்சா என்று கேட்டுவிட்டுப் போகிறதாம்.